சாய்ந்த புகைபோக்கியும் பிழையில்லாத கட்டுரையும்

நெமிலிப் பக்கத்து ஏரியைப் பற்றி நீங்கள் மூவரும் எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். மழை நின்ற மறுநாள் ஏரிக்கரை முனகுகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதை ஆராய்ந்திருக்கிறீர்கள். பயம், வதந்தி, பழைய உடைப்பின் ஞாபகம், காதில் விழும் ஓசைக்கு மனம் பொருள் கற்பித்துக்கொள்ளும் விதம், எல்லாம் இருக்கிறது. அடிக்குறிப்புகள்கூட ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் இத்தனை பக்கங்களில் ஓரிடத்திலாவது, மழை நின்ற மறுநாள் உங்களில் ஒருவர் அந்தக் கரைமேல் போய்க் காது கொடுத்துக் கேட்டதாக இல்லை.

கேட்டீர்களா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். முதலில் போய்க் கேளுங்கள். இந்தக் கடிதத்தை வண்டியில் போகும்போது படித்துக்கொள்ளலாம்.

நான் சிடுசிடுப்புக்காரன் என்று கல்லூரியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஓய்வு பெற்றால் குறையும் என்று என் மனைவி எதிர்பார்த்தாள். குறையவில்லை. காரணம் நீங்கள் மட்டுமல்ல. நீங்கள் செய்திருக்கும் இதே தவறை நான் உங்களைவிடப் பெரிதாக, உங்களைவிட நேர்த்தியாகச் செய்திருக்கிறேன். அதை முழுவதுமாக எழுத்தில் சொல்வது இதுதான் முதல் தடவை.

அப்போது நான் வேலூர்க் கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தர்க்கமும் தத்துவமும் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருவர் எனக்கு மூத்தவர். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். மனிதன் எப்படிச் சிந்திக்கிறான் என்பதைப் புத்தகத்தில் தேடாமல், அளந்து பார்க்க வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கண் காண்பது ஒன்று, மனம் முடிவு கட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நடப்பதை ஒரு பௌதிகக்காரனும் ஒரு தத்துவக்காரனும் சேர்ந்து பிடித்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. லாங் பஜாரில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, எதிரே வரும் கைவண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டு நோட்டில் குறித்திருக்கிறோம். பைத்தியங்கள் என்றார்கள். சந்தோஷமான நாட்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் மானேஜர் கல்லூரிக்கு எழுதினார். தோல் பதனிட ஆவாரம்பட்டை அரைக்கும் இயந்திரத்துக்காக அவர்கள் ஒரு பாய்லர் வைத்திருந்தார்கள். அதன் செங்கல் புகைபோக்கி எண்பது அடி உயரம். அது சாய்கிறது, விழப்போகிறது என்று ஆட்களில் ஒரு பகுதியினர் பிடிவாதமாகச் சொல்கிறார்கள், வேலை கெடுகிறது, படித்தவர்கள் யாராவது வந்து பார்த்துச் சொன்னால் நல்லது. அவ்வளவுதான் கடிதம்.

எங்களுக்கு அது கரும்பு தின்னக் கூலி. உயரமான கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே மேகம் ஓடினால், மேகம் நிற்பதாகவும் கம்பம் எதிர்ப்பக்கம் சாய்வதாகவும் தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். கடிதத்தைப் படித்து முடித்ததுமே பேராசிரியரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். ரயில் ஏறுவதற்கு முன்பே விடை எங்களிடம் இருந்தது. இந்த வரியை மறுபடியும் படியுங்கள்.

ஆம்பூர் போனோம். கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டை நான் சாலை ஓரத்தில், புளியமர நிழலில் நிறுத்தினேன். கண்ணாடிக்குள் உள்ள நேர்க்கோட்டைப் புகைபோக்கியின் உச்சியில் வைத்து மெல்லக் கீழே இறக்கினால், அடிப்பாகத்தின் நட்டநடுவில் வந்து நின்றது. மூன்று தடவை பார்த்தேன். துளிகூடக் கோணல் இல்லை.

பக்கவாட்டில் போய் இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். அது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். ஒரு தூண் நம்மை நோக்கியோ, நம்மைவிட்டு விலகியோ சாய்ந்தால், நேர் எதிரில் நிற்கிறவனுக்குத் தெரியாது. இரண்டு திசையிலிருந்து பார்த்தால்தான் தூக்குச் சரி, அதாவது செங்குத்தாக நிற்கிறது, என்று சொல்லலாம். ஆனால் பக்கவாட்டில் இருந்தது சவ்வு வழிக்கிற கொட்டகை. ஊறின தோலிலிருந்து சவ்வை வழித்து அங்கேயே குவித்திருந்தார்கள். அந்த நாற்றம் சாலைவரை வந்தது. நாற்றம் பாதிக் காரணம். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் சேரிக்காரர்கள், நான் அவர்கள் நடுவே போய் நின்று பழகாதவன். அது மறுபாதி. அன்றைக்கு நான் இப்படியெல்லாம் சொல்லிக்கொள்ளவில்லை. “ஒரு பக்கம் பார்த்தால் போதும், மேகம்தான் காரணம்” என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவரும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் தலையாட்டினார்.

பிறகு ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். முப்பத்திரண்டு பேர். புகைபோக்கி சாய்கிறதா, இல்லையா? எந்தப் பக்கம்? எப்போது முதல்? சாய்கிறது என்று சொன்னவர்களில் ஒருவர் தவிர எல்லோரும் சவ்வுக் கொட்டகை ஆட்கள். இல்லை என்றவர்கள் அத்தனை பேரும் சாலைப் பக்கத்துப் பட்டைக் கிடங்கு ஆட்கள். இதைவிடத் தெளிவாக உண்மை வந்து கதவைத் தட்ட முடியாது. நாங்கள் அதற்கு என்ன பொருள் கொண்டோம் தெரியுமா? ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிறவர்களிடையே பயம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று பொருள் கொண்டோம். பேராசிரியர் அதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார். கட்டுரையின் மூன்றாம் பகுதி முழுவதும் அதுதான்.

அதோடு விடவில்லை. ஆட்களை ரயில்நிலையத்துக்கு அழைத்துப் போய், கைகாட்டி மரத்தின் அடியில் நிற்க வைத்தோம். நல்ல காற்று. மேகம் ஓடிக்கொண்டிருந்தது. “மேலே பாருங்கள், என்ன ஆகிறது?” என்றேன்.

“ஐயோ, சாயுது!” என்று நாலைந்து பேர் பின்னால் நகர்ந்தார்கள்.

“பார்த்தீர்களா? இது சாயவில்லை. உங்கள் புகைபோக்கியும் சாயவில்லை.” நான் இந்த வார்த்தைகளைச் சொன்னபோது எப்படி நின்றிருப்பேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். முப்பது வயது இருக்கும். முழங்கைவரை சுண்ணாம்பு வெளுத்த கைகள். பெயர் குப்பம்மா என்று மேஸ்திரி சொன்னார்.

“ஐயா, இது மேகம் வந்தா சாயுது. மேகம் போனா நிமிந்துக்குது. அங்க அப்படி இல்லையே. மேகமே இல்லாதப்பவும் சாஞ்சேதான் இருக்குது.”

“ஒரு தடவை மனசில் விழுந்துவிட்டால் அப்படித்தான் தெரியும், அம்மா.”

“மனசுல இன்னா விழுறது? கண்ணுல பாக்குறேன். எங்க கொட்டகைக்கு வந்து பாருங்க. நாலு அடி நடந்தா ஆச்சு.”

“பார்த்தாகிவிட்டது” என்றேன். பார்க்கவில்லை. பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. கருவியால் பார்த்தவன் எங்கிருந்து பார்த்தாலும் பார்த்தவன்தான் என்று நினைத்தேன். பேராசிரியர் அவள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். பதிந்துவிட்ட நம்பிக்கை தனக்கு எதிரான சான்றையும் எப்படி விழுங்கிவிடுகிறது என்பதற்கு எடுத்துக்காட்டாக அவள் பேச்சு எங்கள் கட்டுரையில் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது.

புகைபோக்கி தூக்குச் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு மானேஜருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். பேராசிரியரும் நானும் வேலூர் திரும்பி, இரண்டு மாதம் உட்கார்ந்து கட்டுரையை எழுதினோம். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அதுதான். பத்திரிகைக்கு அனுப்பினோம். ஆசிரியரிடமிருந்து பாராட்டி ஒரு பதில் வந்தது. அச்சுக்குப் போகும் முன் அளவை இன்னொரு நாள் எடுத்து அட்டவணையில் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார்.

ஐப்பசி கடைசியில் ஆம்பூர் போனேன். தனியாக. ஒரு வாரமாக மழை. பாலாற்றில்கூடக் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. பழைய இடத்தில் கருவியை வைக்கலாம் என்று புளியமரத்தடிக்குப் போனால், அங்கே ஒரு பார வண்டி அச்சு முறிந்து கிடந்தது. ஆவாரம்பட்டைக் கட்டுகள் சாலை முழுவதும் சரிந்திருந்தன. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றேன். “சாயங்காலம் ஆவும் சாமி, பேஜாரு” என்றார். எனக்கு இரண்டு மணி ரயில். சாலையில் வேறெங்கு நின்றாலும் மரக்கிளை மறைத்தது. எரிச்சலோடு கருவியைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் சவ்வுக் கொட்டகைப் பக்கம் போனேன்.

உண்மையை நான் கண்டுபிடித்ததாக எங்கேயாவது யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அச்சு முறிந்த ஒரு வண்டி என்னை அங்கே தள்ளியது.

கண்ணாடிக்குள் நேர்க்கோட்டை உச்சியில் வைத்துக் கீழே இறக்கினேன். கோடு அடிப்பாகத்தைத் தொடவே இல்லை. செங்கல்லுக்கு வெளியே, காற்றில் இறங்கியது. கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மட்டத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். கடைசியில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, கொட்டகை வாசலில் தொங்கவிட்டு, அதன் ஓரமாக ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். கருவியே தேவையில்லை. சின்னக் குழந்தை சொல்லும். புகைபோக்கி சாலைக்கு எதிர்ப்புறமாக, தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிகளை நோக்கிச் சாய்ந்திருந்தது. பின்னால்தான் தெரிந்தது, அந்தத் தொட்டிகளில் ஒன்று வெகுநாளாகக் கசிந்து அஸ்திவாரத்து மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. கொட்டகையும் தொட்டிகளை ஒட்டியே நீண்டிருந்தது. உள்ளே அன்றைக்கு இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள்.

மானேஜரின் அறைக்கு ஓடினேன். பாய்லரை நிறுத்துங்கள், அந்தப் பக்கத்திலிருந்து ஆட்களை வெளியேற்றுங்கள் என்றேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. காபி வரவழைத்தார். மேஜை இழுப்பறையிலிருந்து என் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இது உங்க கையெழுத்துதானே சார்?”

“ஆமாம். அது தவறு.”

“அப்ப தப்பு இல்ல, இப்ப தப்பா? அன்னிக்கும் இதே மிஷினைத்தானே கொண்டாந்தீங்க?”

“அன்றைக்கு வேறு இடத்தில் வைத்தேன்.”

“சார், பயந்தவன் கண்ணுக்கு நேரா இருக்கிறதும் கோணலாத் தெரியும்னு எனக்குப் பாடம் நடத்தினது நீங்க. கொட்டகைக்குள்ள போய் நின்னா பயம் ஒட்டிக்கும்னும் நீங்கதான் சொன்னீங்க. இப்ப அங்க போய் நின்னுட்டு வந்திருக்கீங்க. ஒட்டிக்கிச்சு. காபி குடிங்க.”

இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். என் சித்தாந்தம் அவ்வளவு பலமாக இருந்தது. அதைப் படைத்தவனாலேயே அதை மீறி ஒரு வார்த்தை பேச முடியவில்லை. எவன் எதைச் சொன்னாலும், ஏன் அப்படிச் சொல்கிறான் என்று விளக்கிவிட்டால், அவன் சொன்னது நிஜமா என்று பார்க்கிற வேலை மிச்சம். அந்த மிச்சத்தை மானேஜருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

வெளியே வந்தேன். பாய்லர் பார்க்கிற அந்தோணி வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேசாதவர். நாங்கள் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கொட்டகைக்குள்ள இப்ப நீங்க போய் உக்காருவீங்களா?”

“மாட்டேன்.”

“உங்க புள்ளைய உக்கார வைப்பீங்களா?”

“மாட்டேன், அந்தோணி.”

“அது போதும்” என்றார். உள்ளே போய் அடுப்பின் தணலை வாரி வெளியே தள்ளினார். பிறகு கொட்டகை வாசலில் நின்று இரண்டு வார்த்தை சொன்னார். ஒரு கால் மணி நேரத்தில் கொட்டகை காலி. மானேஜர் கத்தினார். மேஸ்திரி மிரட்டினார். வெளியே வந்தவர்களில் ஒருவரும் உள்ளே திரும்பவில்லை.

புகைபோக்கி விழவில்லை. அன்றும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை. மானேஜர் கல்லூரி முதல்வருக்குத் தந்தி கொடுத்தார். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, ஒரே பொருளைப் பற்றி நாலு மாத இடைவெளியில் இரண்டு விதமாகச் சான்று கொடுக்கிற ஆசிரியரைப் பற்றி அவர் என்ன நினைப்பது என்று கேட்டார். ஆம்பூரில் அறுபது குடும்பம் என் பேச்சால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் புகைபோக்கி விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமியறையில் நின்று, கண்ணை மூடி, வேண்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வகுப்பில் இருந்தபோது அந்தோணி வந்தார். ரயிலில் வந்து, காட்பாடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வேட்டியெல்லாம் செங்கல் தூள்.

“சார், வுழுந்துட்ச்சு.”

“எந்தப் பக்கம்?”

கவனியுங்கள். ஆள் யாராவது என்று நான் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“கொட்டகை மேலதான். ஓடு ஒண்ணுகூட மிச்சம் இல்ல.” நான் கேட்காததையும் அவரே சொன்னார்: “யாருக்கும் ஒண்ணும் இல்ல சார். உள்ள ஆளே இல்ல.”

பையன்கள் கரும்பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“குப்பம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்” என்றார் அந்தோணி.

“ஏன், அவள் எங்கே?”

“உங்களுக்குத் தெரியாதா? உங்க லெட்டர் கைக்கு வந்த மறுநாளே நிறுத்திட்டாங்களே. அந்தக் கொட்டகைக்குள்ள போ மாட்டேன்னு நின்ன மூணு பொம்பளைங்களையும்.”

எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்?

சரி, தெரிந்த பிறகாவது ஏதாவது செய்தேனா என்றால் இல்லை. எனக்குப் பெரிய வேலை இருந்தது: பேராசிரியரோடு சண்டை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புகைபோக்கி விழுந்ததால் நம் கட்டுரை எப்படிப் பொய்யாகும்? மேகம் ஓடினால் நேரான மரமும் சாய்வதாகத் தெரிகிறதா இல்லையா? கைகாட்டி மரத்தடியில் பின்னால் நகர்ந்தார்களா இல்லையா?” என்றார். சரியான கேள்விகள். அந்தக் கட்டுரையில் பிழையான வரி என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. மாதக்கணக்கில் வாதாடினோம். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு சேர்ந்தது: மேற்படி புகைபோக்கி பின்னர் விழுந்துவிட்டது. கட்டுரை அச்சாகி வந்தது. எனக்குப் பதவி உயர்வும் வந்தது. பேராசிரியர் அன்பானவர், நேர்மையானவர், என்னைவிடப் பல மடங்கு அறிவாளி. சாகும்வரை அந்தக் கட்டுரையை நினைத்துப் பெருமைப்பட்டார்.

ஒரு வருடம் கழித்து, பரீட்சை மேற்பார்வைக்காகத் திருப்பத்தூர் போயிருந்தேன். வேலை முடிந்து சந்தை வழியாக நடந்தபோது, வேர்க்கடலைக் குவியலுக்குப் பின்னால் ஒரு பெண் படியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை இருந்த வெளுப்பு போய், கை பழுப்பாகியிருந்தது. ஆனாலும் தெரிந்தது.

“குப்பம்மா?”

நிமிர்ந்து பார்த்தாள். “வாத்தியாரய்யா” என்றாள். எழுந்திருக்கவில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “அந்தப் புகைபோக்கி விழுந்துவிட்டது” என்றேன்.

“தெரியும். என் தங்கச்சி ஊட்டுக்காரரு சொன்னாரு.”

“நீ சொன்னதுதான் சரி. நான் பார்த்தது தவறு. அதைச் சொல்லத்தான்...”

கடலை வாங்க ஒருவர் வந்தார். படியில் அளந்து அவர் துண்டில் கொட்டினாள். அவர் போனதும் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

“எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்றீங்களே ஐயா. சொல்ல வேண்டிய எடத்துல சொன்னீங்களா? எங்க மூணு பேரையும் நிறுத்தினாரே, அவர்கிட்ட?”

“இல்லை.”

“அப்ப இன்னாத்துக்கு இங்க நிக்கிறீங்க?”

நின்றுகொண்டிருக்க முடியவில்லை. ரயிலேறி, ஜோலார்ப்பேட்டையில் மாறி உட்கார்ந்தேன். சீட்டு காட்பாடிக்கு. ஆம்பூரில் இறங்கிவிட்டேன்.

மானேஜருக்கு எழுத ஒரு தாள் எடுத்து உட்கார்ந்தபோதுதான், மற்ற இரண்டு பெண்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. எங்கள் அட்டவணையில் எல்லோரையும் எண்ணாகத்தான் குறித்திருந்தோம். அந்தோணி வீட்டைத் தேடிப் போய்க் கேட்டேன். ராணி, மரியம்மாள் என்றார். புகைபோக்கியைப் பற்றி இவர்கள் மூவரும் கண்டதும் சொன்னதும் சரி, நான் கொடுத்த சான்று தவறு, அந்தத் தவறினால் இவர்கள் வேலை இழந்தார்கள் என்று எழுதி, அவர்கள் பெயரையும் என் பெயரையும் போட்டு மானேஜர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். “இத்த ஒரு வருஷம் முன்னாடியே குடுத்திருக்கலாமே சார்” என்றார்.

மரியம்மாளை அடுத்த வாரமே சேர்த்துக்கொண்டார்கள். குப்பம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், அவள் வரவில்லை. ராணி புருஷனோடு கோலார்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர், எந்தச் சுரங்கம் என்று யாருக்கும் தெரியவில்லை.